கற்பனை நிலத்தில் மழை எங்கே பெய்யும்?

மிகுபுனைவு எழுதும் ஒருவர் வெள்ளைத்தாளில் ஒரு கடற்கரையையும் அதற்கு இணையாக ஒரு மலைத்தொடரையும் வரைகிறார் என்று வைத்துக்கொள்வோம். மலைக்கு எந்தப் பக்கம் காடு, எந்தப் பக்கம் முள்வெளி என்பதை அவர் விருப்பம்போல் எழுதிவிடலாமா? அல்லது கடலும் மலையும் தாளில் ஏறியபோதே அந்த விடையில் பாதி முடிவாகிவிட்டதா?

இது கதை எழுதுபவர்களின் தனிக்கேள்வி போலத் தோன்றினாலும், ஓர் இடத்தின் காலநிலையை எது ஆக்குகிறது என்ற மிகப் பழைய கேள்வியின் கிளைதான். அந்தப் பழைய கேள்விக்குக் கிடைத்த ஒவ்வொரு விடையும் புனைவுலகங்களிலும் தடம் பதித்திருக்கிறது. தவறென்று தள்ளப்பட்ட விடைகள்கூடக் கதைகளில் நெடுங்காலம் வாழ்கின்றன. இங்கே அவற்றை வரிசையாகப் பார்க்கும்போது ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. பல ஆண்டுகளின் போக்கைத் திரட்டிச் சொல்வது காலநிலை. இன்று மாலை இடி இடிப்பது வானிலை. வாதங்கள் பெரும்பாலும் முதலாவதைப் பற்றி நடந்திருக்கின்றன. கதைகளோ இரண்டாவதில்தான் நடக்கின்றன.

பட்டைகளும் திணைகளும்

ஐரோப்பிய மொழிகளில் காலநிலையைக் குறிக்கும் சொல் ‘க்ளிமா’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அதற்குச் சாய்வு என்று பொருள். சூரியக் கதிர் எவ்வளவு சாய்ந்து விழுகிறதோ அதைப் பொறுத்தது வெப்பம் என்பதே அந்தப் பெயருக்குள் இருக்கும் கருத்து. உலகை ஐந்து பட்டைகளாகப் பிரிக்கும் வழக்கத்தைப் பார்மெனிடீஸின் பெயரோடு சேர்த்துச் சொல்வார்கள். அரிஸ்டாட்டில் அதை எடுத்தாண்டு, இரு முனைகளும் குளிரால் வாழத் தகாதவை, நடுப்பட்டை வெப்பத்தால் வாழத் தகாதது, இடையிலுள்ள இரண்டே மனிதர்க்கானவை என்று வகுத்தார். அவர் அப்படி எழுதிய நாளில் நடுப்பட்டையில், தென்னிந்தியா உட்பட, மக்கள் உழுதும் மீன்பிடித்தும் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். கோட்பாடு தன் ஊர்க் காற்றை உலகத்துக்கே அளவுகோலாக வைத்ததால் வந்த பிழை அது.

அந்தப் பிழையின் மென்மையான வடிவம் இன்றும் உயிரோடிருக்கிறது. வடக்கே பனி, தெற்கே பாலை, நடுவில் பச்சை வயல் என்ற அமைப்பு டோல்கீனின் மிடில்-எர்த்திலும் உண்டு, ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் வெஸ்டரோஸிலும் உண்டு. வடகோளத்தின் மிதவெப்ப நாடுகளில் வாழ்ந்த எழுத்தாளர்களுக்கு அது இயல்பாக வந்திருக்கலாம். ஆனால் நிலநடுக்கோட்டிலிருந்து தொலைவு ஒன்றே எல்லாவற்றையும் தீர்மானிக்கும் என்ற நம்பிக்கை அதற்குள் சத்தமில்லாமல் அமர்ந்திருக்கிறது.

தமிழில் இதே கேள்விக்கு வேறொரு அணுகல் இருந்தது. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் ஒன்றாகச் சேர்த்து முதற்பொருள் என்றது. முல்லைக்குக் கார், குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும், பாலைக்கு வேனிலும் பின்பனியும் என்று பருவத்தை நிலத்தோடு பிணைத்தது; தெய்வம், உணவு, மரம், பறவை, தொழில் எல்லாவற்றையும் அதன்மேல் கருப்பொருளாக அடுக்கியது. இது கவிதை மரபேயன்றி வானிலையியல் நூலன்று. மழை ஏன் பெய்கிறது என்ற கேள்விக்கு அதில் விடை தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். ஆயினும் ஒரு பருவத்தின் கீழ் எந்த மரம் நிற்கும், எந்தத் தொழில் நடக்கும், எந்தப் பிரிவு நேரும் என்று தொடர்ந்து கேட்ட முறைமை, உலகம் புனைபவர்களுக்கு இன்றும் வெகு நெருக்கமானது. பாலையைப் பற்றிச் சிலப்பதிகாரம் தரும் விளக்கம் இன்னும் கூர்மையானது. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு கெட்டு எடுக்கும் வடிவமே அதில் பாலை. அதாவது பாலை என்பது ஓர் இடத்தின் பெயராக நிற்காமல், எந்த நிலத்துக்கும் நேரக்கூடிய ஒரு நிலையாக ஆகிறது. வரைபடத்தில் நிரந்தரமாக மஞ்சள் பூசி முடித்துவிடும் பழக்கத்துக்கு இது நல்ல மாற்று.

காற்றின் வழி

பட்டைக் கோட்பாட்டை அசைத்தவை கடற்பயணங்கள். 1686இல் எட்மண்ட் ஹாலி வணிகக் காற்றுகளையும் பருவக்காற்றுகளையும் வரைபடமாக்கி, சூரிய வெப்பமே அவற்றின் உந்துவிசை என்றார். காற்று ஏன் மேற்கு நோக்கிச் சாய்கிறது என்பதற்கு அவர் தந்த காரணம் நிற்கவில்லை. 1735இல் ஜார்ஜ் ஹாட்லி பூமியின் சுழற்சியைக் கணக்கில் சேர்த்தார். 1856இல் வில்லியம் ஃபெரல் ஒவ்வொரு கோளார்த்தத்திலும் மூன்று காற்றுவட்டங்கள் என்ற சித்திரத்தை முன்வைத்தார்.

உலகம் புனைவோர் இன்று கையாளும் சூத்திரங்கள் பெரும்பாலும் இந்த வழியில் வந்தவை. நிலநடுக்கோட்டருகே சூடான காற்று எழும்பும், மழை கொட்டும். ஏறத்தாழ 30 பாகையில் அது இறங்கும். இறங்கும் காற்று அழுந்திச் சூடேறி வறண்டுவிடும். சஹாரா, அரேபியா, கலஹாரி, ஆஸ்திரேலியாவின் உட்பகுதி எல்லாம் அந்த வரிசையில் அமைந்திருப்பது தற்செயல் அல்ல. 30க்கும் 60க்கும் இடையே காற்று மேற்கிலிருந்து வீசும். மலையில் ஏற ஏற வெப்பநிலை ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் சராசரியாக 6.5 பாகை செல்சியஸ் குறையும்; மலையேறும் காற்றும் குளிரும். காற்றெதிர்ப் பக்கம் மழையை வாங்கிக்கொள்ளும், மறுபக்கம் மழைமறைவாகும். கண்டங்களின் மேற்குக் கரையோரம் குளிர்ந்த நீரோட்டம் போனால் கரை காயும்: ஹம்போல்ட் நீரோட்டத்தின் அருகே அட்டகாமா, பெங்குவேலா நீரோட்டத்தின் அருகே நமீப்.

இவை நல்ல சூத்திரங்கள். ஒரு தாள், ஒரு பென்சில் போதும்; காரணமும் கூடவே வருகிறது. ஆனால் இவற்றின் பலவீனம் நம் பக்கத்து நிலங்களிலேயே வெளிப்படுகிறது. 30 பாகையை ஒட்டி வறட்சி என்ற விதியை அப்படியே நம்பும் எழுத்தாளர், 25 பாகை வடக்கில் இருக்கும் சிரபுஞ்சியில் மணல் பரப்பிவிடுவார். சிரபுஞ்சியிலோ 1860 ஆகஸ்ட் முதல் 1861 ஜூலை வரை 26,461 மி.மீ. மழை பதிவாயிற்று. நிலத்துக்கும் கடலுக்கும் உள்ள வெப்ப வேறுபாடு, திபெத்திய மேட்டுநிலம், வங்கக் கடல், காற்றை எதிர்கொள்ளும் காசி மலைகள் எல்லாம் சேர்ந்து அங்கே பட்டை விதியை உடைக்கின்றன.

மழைமறைவுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சியில் மகாபலேஷ்வர் ஆண்டுக்கு 5,000 மி.மீ.க்கு மேல் மழை பெறுகிறது. கிழக்கே மலையிறங்கினால் வாய் நகருக்குக் கிடைப்பது அதில் சிறு பங்கு. பாடநூல் எடுத்துக்காட்டு என்றே சொல்லலாம். ஆனால் அதே மலையின் தெற்கே, அதே மறைவில் இருக்கும் தமிழ்நாட்டின் கிழக்குக் கரை, அக்டோபரில் காற்று திசை மாறியதும் வடகிழக்குப் பருவமழையில் நனைகிறது. எந்தப் பக்கம் மறைவு என்பது மலையின் நிலையான குணம் இல்லை என்பதை இது காட்டுகிறது. அந்தப் பருவத்தில் எந்தக் காற்று வீசுகிறதோ அதுதான் மறைவை உண்டாக்குகிறது. கற்பனை வரைபடங்களில் மலைக்கு ஒரு பக்கம் எப்போதும் ஈரம், மறுபக்கம் எப்போதும் வறட்சி என்று எழுதப்படும்போது இந்த மாற்றம் தொலைந்துவிடுகிறது. ஆண்டில் பாதி நாள் வானத்தைப் பார்த்துக் காத்திருக்கும் ஒரு சமூகத்தின் கதையும் அதோடு தொலைகிறது.

சூத்திரங்கள் எல்லாம் ஒரே கோளின் அனுபவத்தில் பிறந்தவை என்பது அடுத்த சிக்கல். சுழற்சி மெதுவானால் நிலநடுக்கோட்டுக் காற்றுவட்டம் துருவத்தை நோக்கி நீளும். சனியின் துணைக்கோளான டைட்டன் அதற்குச் சான்று. பத்து மணி நேரத்துக்குள் சுழன்றுவிடும் வியாழனில் பல பட்டைகள் தோன்றுகின்றன. அச்சின் சாய்வு ஏறத்தாழ 54 பாகையைத் தாண்டினால், ஆண்டுக் கணக்கில் நிலநடுக்கோட்டைவிடத் துருவங்களுக்கே அதிகச் சூரியஒளி கிடைக்கும். அரிஸ்டாட்டிலின் பட்டைகள் தலைகீழாகிவிடும். பூமியையே எடுத்துக்கொண்டு சுழலும் திசையை மட்டும் மாற்றினால்? ஹாம்பர்கின் மாக்ஸ் பிளாங்க் வானிலையியல் நிறுவனத்தினர் முன்னின்று 2018இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் கணக்கிட்டது. கண்டங்கள் அதே இடத்தில், மலைகள் அதே உயரத்தில். சஹாரா பசுமையாகியது, பிரேசிலின் தென்பகுதியிலும் அமெரிக்காவின் தென்கிழக்கிலும் பாலைகள் தோன்றின, மேற்கு ஐரோப்பா குளிர்ந்தது. ‘சூரியன் மேற்கே உதித்தது’ என்று கதையில் ஒரு வரி எழுதுபவர் இத்தனையையும் அந்த வரிக்குள் எழுதிவிடுகிறார்.

எழுத்துக் குறியீடுகள்

விளாதிமிர் கோப்பன் 1884இல் வெப்ப மண்டல வரைபடம் ஒன்றை வெளியிட்டுப் பின்னர் பல பத்தாண்டுகள் செப்பனிட்ட காலநிலை வகைப்பாடு, கற்பனை உலகங்களுக்கு நிறம் தீட்டுவோரிடையே பெரும் செல்வாக்குப் பெற்றது. எழுத்துகள் சில, எல்லைகள் தெளிவு. ஆனால் அது காரணத்தைச் சொல்வதில்லை, விளைவைப் பெயரிடுகிறது. அதன் எல்லைகள் பூமியின் தாவரங்களை வைத்து வகுக்கப்பட்டவை. வேறு மரங்கள், வேறு புல், வேறு சூரியன் உள்ள உலகில் அந்த எல்லைகள் எதைப் பிரிக்கின்றன என்று யாரும் எளிதில் சொல்லிவிட முடியாது. வரைபடத்தைச் சரிபார்க்க அது உதவும்; வரைபடத்தை உண்டாக்க உதவாது.

கணினி சொன்னவை

2013இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் காலநிலை அறிவியலாளர் டேன் லன்ட், டோல்கீனின் கதையில் வரும் மந்திரவாதி ராடகாஸ்டின் பெயரைப் புனைபெயராகக் கொண்டு, மிடில்-எர்த்தின் காலநிலையைக் கணினியில் ஓட்டிப் பார்த்தார். பூமியின் கடந்தகால, எதிர்காலக் காலநிலைகளை ஆராயப் பயன்பட்ட அதே வகை மாதிரிதான். பனிமலைத் தொடரின் கிழக்கே மழைமறைவு தெரிந்தது. மோர்டோர், அதன் தீய அரசனைக் கணக்கில் சேர்க்காமலேயே, வெப்பமும் வறட்சியுமாக இருந்தது. மேற்குத் துறைமுகத்திலிருந்து கப்பல்கள் புறப்படுவதற்குக் காற்றும் ஒத்துழைத்தது. டோல்கீனின் உள்ளுணர்வு பல இடங்களில் இயற்பியலோடு ஒத்துப்போனது என்பது மகிழ்ச்சியான செய்தி. அவர் வரைபடத்திலிருந்து தொடங்கிக் கதையை அதற்கு இயைய அமைத்தவர். ஹாபிட்டன் ஆக்ஸ்ஃபோர்டின் அகலாங்கில், மினாஸ் டிரித் ஃபிளாரன்ஸின் அகலாங்கில் என்று கடிதத்தில் எழுதும் அளவுக்கு அவருக்கு இதில் கவனம் இருந்தது.

ஆனால் அந்தப் பயிற்சியின் சுவையான முடிவு, ஒத்துப்போகாத ஒன்று. மனிதரும் மற்றவரும் தலையிடாமல் விட்டிருந்தால் மிடில்-எர்த்தின் பெரும்பகுதி அடர்காடாக இருந்திருக்கும் என்றது மாதிரி. அப்படியானால் கதையில் வரும் வெட்டவெளிகளை யாரோ அழித்திருக்க வேண்டும். முன்பு அங்கே காடு இருந்தது, இப்போது இல்லை என்ற புலம்பல் டோல்கீனின் பக்கங்களில் ஏற்கெனவே உண்டு. கணக்கு அந்தப் புலம்பலுக்கு நிலத்திலேயே ஓர் அடித்தளம் கொடுத்துவிட்டது. கணினி மாதிரிகளின் மெய்யான பயன் இங்கேதான் இருப்பதாகத் தோன்றுகிறது. சரி, தவறு என்று மதிப்பெண் போடுவதைவிட, கதை இன்னும் கேட்டிராத ஒரு கேள்வியை அவை முன்னால் வைக்கின்றன.

அராக்கிஸ் என்ற மணற்கோளின் ஆய்வு வேறுவிதமாக முடிந்தது. அக்கோளில் நடக்கும் ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் ‘டியூன்’ நாவல் 1965இல் வந்தது. ஆரிகன் மாநிலத்துக் கடற்கரை மணல்மேடுகளைப் பற்றி அவர் எழுத முனைந்த கட்டுரையே அதன் விதை. துருவப் பகுதியே தாங்கத்தக்கது, நடுப்பகுதி கொடியது என்பது நூலின் அமைப்பு. பிரிஸ்டலோடு தொடர்புடைய ஆய்வாளர்கள் 2021இல் அக்கோளை மாதிரியில் இட்டபோது விடை மாறிவந்தது. வெப்ப மண்டலத்தில் மிகச் சூடான மாதங்களில் ஏறத்தாழ 45 பாகை செல்சியஸ், குளிர்ந்த மாதங்களிலும் 15க்குக் கீழே இறங்கவில்லை. நடு அகலாங்குகளிலும் துருவங்களிலுமோ கோடையில் 70 பாகை வரை வெப்பம். குளிர்காலத்தில் துருவத்தில் −75. துருவப் பனிக்கவிகை நிலைக்க வழியில்லை என்றும், மழையே இல்லை என்று நூல் சொல்லும் இடத்தில் உயர்ந்த மலைகளில் கொஞ்சம் தூறல் விழும் என்றும் மாதிரி சொன்னது. எனினும் உலகம் முழுவதும் மணல், அதில் மனிதர் பிழைக்க இயலும் என்ற ஹெர்பர்ட்டின் மையக் கருத்து கவிழவில்லை.

இந்த வழியின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். மாதிரிக்கு முழுக்கோளும் தேவை. கதாசிரியர் வரைந்ததோ ஒரு மூலை. மீதியை ஆய்வாளர் ஊகித்து நிரப்புகிறார். அந்த ஊகம் மாறினால் கடல் நீரோட்டமும் மாறும், அதோடு கரையோர மழையும் மாறும். காற்றின் கூறுகள், கடலின் ஆழம், சூரியனின் வலிமை என ஒவ்வொன்றுக்கும் எண் கேட்கப்படும். எண்கள் துல்லியமாக இருப்பதால் விடையும் துல்லியம் என்ற மயக்கம் எளிதில் வந்துவிடுகிறது. எக்ஸோபிளாசிம் போன்ற திறந்த மென்பொருள்கள் இன்று ஆர்வலர்களின் கைக்கும் எட்டியிருக்கும் நிலையில், இந்த மயக்கத்தைப் பற்றி எச்சரிப்பது கூடுதல் தேவையாகிறது.

ஆண்டுக்கணக்கில் நீளும் குளிர்

மிகக் கடினமான வழக்கு வெஸ்டரோஸ். அங்கே கோடையும் குளிர்காலமும் பல ஆண்டுகள் நீளும். எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது. 2013இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒரு குழு, இரட்டைச் சூரியன்களைச் சுற்றும் கோளாக இருந்தால் இத்தகைய ஒழுங்கின்மை வரலாம் என்று எழுதியது. கதையின் வானத்திலோ ஒரே சூரியன். 2017இல் லன்ட் குழு வேறொரு வழி பார்த்தது. அச்சின் சாய்வுத் திசை ஆண்டோடு சேர்ந்து சுழன்றால், ஒரு கோளார்த்தம் எப்போதும் சூரியனிடமிருந்து சாய்ந்தே இருக்கும், குளிர்காலம் நிலைத்துவிடும். அதைக் கோடைக்குப் புரட்டுவது எது என்பதற்கு அங்கே விடை இல்லை. விளக்கம் அறிவியலில் இல்லை, மாயத்தில்தான் இருக்கிறது என்பது மார்ட்டினின் நிலை.

வானியல் விளக்கம் எதுவானாலும், இந்த விவாதத்தில் போதிய கவனம் பெறாத பக்கம் களஞ்சியம்தான். 1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்தது. மறு ஆண்டு ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவின் கிழக்கிலும் கோடையே வரவில்லை என்று பேசும் அளவுக்குக் குளிர். ஒரே ஒரு கோடை பொய்த்ததில் தானிய விலை ஏறியது, பசி பரவியது, மக்கள் ஊர் பெயர்ந்தார்கள். 1315 முதல் 1317 வரை ஓயாத மழையால் வட ஐரோப்பாவில் அறுவடைகள் தொடர்ந்து கெட்டபோது பெரும்பஞ்சம் வந்தது. இரண்டு மூன்று ஆண்டுகளே இப்படி என்றால், ஆறேழு ஆண்டுக் குளிரைத் தாங்கும் சமூகத்தில் விதைநெல் யார் கையில் இருக்கும்? வரி எதில் வாங்கப்படும்? முதியவர்களுக்கு என்ன நேரும்? பல ஆண்டு இலையுதிர்த்து நிற்கும் மரம் எப்படிப்பட்டது? கோளின் அச்சைச் சரிசெய்வதைவிட இந்தக் கேள்விகள் அவசரமானவை என்பது என் எண்ணம்.

பிரையன் ஆல்டிஸ் 1982 முதல் 1985 வரை எழுதிய ‘ஹெலிகோனியா’ மூன்று பாகங்கள் இதற்கு மிக நேர்மையாக முகங்கொடுத்தவை. படாலிக்ஸ், ஃப்ரேயர் என்ற இரு சூரியன்கள். ஏறத்தாழ 2,500 பூமியாண்டுகள் நீளும் ஒரு பேராண்டு. ஒரு நாகரிகம் முழுவதும் ஒரு வசந்தத்தில் எழுந்து ஒரு குளிரில் மறக்கப்படும். அந்த மாற்றங்களைத் தாங்க மனித உடலே பருவத்தோடு மாறுகிறது. அந்த மாற்றத்தைக் கொண்டுவருவது ஒரு நோய். காலநிலை அங்கே பின்னணித் திரையாக நிற்கவில்லை. உடலுக்குள்ளும் நினைவுக்குள்ளும் நுழைந்துவிடுகிறது. நூலில் கோட்பாட்டின் பாரம் சில இடங்களில் பாத்திரங்களை அழுத்துகிறது என்ற குறையும் நியாயமானதே.

கணக்கு எதற்கு என்போர்

இவ்வளவும் வீண் என்ற நிலைப்பாடும் வலுவாகவே முன்வைக்கப்பட்டிருக்கிறது. எழுத்தாளர் எம். ஜான் ஹாரிசன் 2007இல் எழுதிய குறிப்பு, உலகை முழுக்கக் கட்டிமுடிக்கும் வேட்கையையே கண்டித்தது. அது வாசகரின் பங்கைப் பறித்து, எழுத்தை அட்டவணையாக்கிவிடும் என்பது அவர் கவலை. அவருடைய விரிகோனியம் நகரம் எந்த வரைபடத்துக்கும் பிடிகொடுக்காதது. மாயமும் தெய்வங்களும் இயங்கும் உலகில் காற்றழுத்தத்துக்கு மட்டும் ஏன் பணிய வேண்டும் என்ற கேள்வியும் உண்டு.

இவ்வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் அது இரண்டு வேறு பொருள்களைக் கலக்கிறது. பூமியின் விதிகளுக்கு ஒத்திருப்பது ஒன்று. தன் விதிகளுக்குத் தானே ஒத்திருப்பது இன்னொன்று. தேவகதைகளைப் பற்றிய தன் உரையில் டோல்கீன் கேட்டது இரண்டாவதைத்தான். ஒரு தெய்வத்தின் கோபத்தால் மழை நிற்குமென்றால் நிற்கட்டும். அந்த ஊரில் கிணறுகள் எவ்வளவு ஆழம், அந்தக் கோபத்தை முன்னறிய உழவர் எதைப் பார்க்கிறார் என்பதற்கு விடை வேண்டும். மாயம் காரணத்தை மாற்றலாம். விளைவிலிருந்து கதைக்கு அது விடுதலை தருவதாகத் தெரியவில்லை.

சராசரிக்கும் ஒரு நாளுக்கும் இடையே

வானிலையியலாளர் எட்வர்ட் லோரென்ஸ் 1961இல் தன் கணினியில் 0.506127 என்ற எண்ணுக்குப் பதில் 0.506 என்று இட்டபோது வானிலைக் கணக்கு இரண்டாவது மாதத்துக்குள் முற்றிலும் வேறு பாதையில் போய்விட்டது. 1963இல் அதை அவர் கோட்பாடாக வெளியிட்டார். உலகம் புனைவோருக்கு இது நல்ல செய்தி. காலநிலை எல்லைகளை வகுக்கிறது. அந்த எல்லைகளுக்குள் குறிப்பிட்ட ஒரு நாளின் புயலை எந்த மாதிரியும் முன்கூட்டி எழுதிவைப்பதில்லை. வறண்ட நிலத்தில் ஒரு வெள்ளம், ஈரநிலத்தில் ஒரு பஞ்சம் இரண்டும் இயலும். அடிக்கடி வருவதா, அரிதாக வருவதா என்பதை மட்டுமே கதை மறந்துவிடக் கூடாது.

அந்த ஒரு நாளை எழுத எண்கள் போதாது. உர்சுலா லெ குவின் 1969இல் வெளியிட்ட ‘தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னஸ்’ நாவலில் கெதென் என்ற பனிக்கோளில் இருவர் சறுக்குவண்டி இழுத்துப் பனிப்பரப்பைக் கடக்கிறார்கள். ஸ்காட், ஷாக்கிள்டன் போன்றோரின் அண்டார்க்டிகப் பயணப் பதிவுகளில் அவர் ஆழ்ந்திருந்தவர். ஒரு நாளில் எத்தனை கல் நகர முடிந்தது, உணவு எவ்வளவு மிச்சம், வெளிச்சம் நிழலில்லாமல் பரவும்போது கால் எப்படித் தயங்குகிறது என்ற விவரங்கள் அந்தக் குளிரை நம்பவைக்கின்றன. அக்கோளின் வெப்பநிலை அட்டவணை சரியா என்று அந்தப் பக்கங்களில் யாரும் கேட்கத் தோன்றாது.

திறந்திருப்பவை

காற்றின் விதிகளை ஓரளவு அறிவது பயனுள்ளது என்பதில் இன்று பெரிய கருத்து வேறுபாடு இல்லை. எந்த அளவு வரை என்பதில்தான் உண்டு. சிறு மீறல்களை வாசகர் கவனிக்கிறாரா என்பது தெளிவாகவில்லை. பருவமழையை நம்பிப் பயிர் வைக்கும் ஊரில் வளர்ந்தவர் ஒரு வகைப் பிழையையும், பனியில் வளர்ந்தவர் வேறு வகைப் பிழையையும் காணக்கூடும். பருவக்காற்றை மையமாகக் கொண்ட புனைவுலகங்கள் ஆங்கில மிகுபுனைவில் குறைவாகவே தென்படுகின்றன. இது எழுத்தாளர்களின் பிறந்தகத்தால் மட்டும் நேர்ந்ததா, மூன்று வட்டச் சூத்திரத்தின் வசதியும் அதில் பங்கு கொண்டதா என்பது ஆராயத் தக்கது.

மாதிரிகளின் பக்கத்திலும் இடைவெளி இருக்கிறது. மேலே கண்ட பயிற்சிகள் வெப்பத்தையும் மழையையும் காற்றையும் காட்டுகின்றன, சில இடங்களில் காட்டையும். அந்த வானத்தின் கீழ் என்ன விளையும், எவ்வளவு மிஞ்சும், எத்தனை பேர் பசியாறுவார்கள் என்ற கணக்கு இவற்றில் சேரவில்லை. பூமிக்காகச் செய்யப்பட்ட பயிர் மாதிரிகள் இருக்கின்றன. ஆனால் அவை நாம் அறிந்த நெல்லுக்கும் கோதுமைக்கும் உரியவை. ஏழு ஆண்டு உறங்கி எட்டாவது ஆண்டு முளைக்கும் ஒரு தானியத்துக்கு எண்களை எங்கிருந்து எடுப்பது?